நிறுத்தி வைக்கப்பட்ட நேரம்: ஹேர்மெஸ் மணிக்கூடுகள் பற்றிய ஒரு நோக்கு

கவிதை, நாவல், நாடகம், ஓவியம் என்பவற்றோடு கலைவிமர்சனம் நின்றுவிடுவதே தமிழிற் பெருவழக்கு. கையிற் கட்டும் மணிக்கூடு ஒன்றினை விமர்சனத்துக்குரிய பொருளாகக் கொள்வது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். விளம்பரத்துக்குத் துணைபோவதாகவும் தோன்றலாம். ஆயின் ஒரு சமூகம் நேரத்தை எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்பதை அதன் கவிதை காட்டுவது போலவே, அது செய்து விற்கும் கருவிகளும் காட்டுகின்றன. 2025 ஏப்ரலில் ஜெனீவாவில் நடைபெற்ற மணிக்கூட்டுக் கண்காட்சியிலே பாரிஸ் நகரத்து ஹேர்மெஸ் நிறுவனம் முன்வைத்த தொகுதி இவ்வகையில் ஆராயத்தக்கது. அதன் நடுநாயகமான பொறிக்கு 'லெ தாம் சுஸ்பாந்து' என்று பெயர். நிறுத்தி வைக்கப்பட்ட நேரம் என அதனைத் தமிழிற் கூறலாம்.

பொறியின் செயல் சொல்வதற்கு எளிது. மணிக்கூட்டின் இடப்புறத்தே ஒரு பொத்தான் உண்டு. அதனை அழுத்தியதும் மணிமுள்ளும் நிமிடமுள்ளும் தாம் நின்ற இடத்தைவிட்டு விரைந்து சென்று 12 என்னும் எண்ணை ஒட்டி அதன் இருபுறமும் நின்றுவிடுகின்றன. அவ்வாறு அவை நிற்கும் கோணம் வேறெந்த மணிக்கூட்டிலும் நாளின் எக்கணத்திலும் ஏற்பட முடியாதது. ஆகவே பார்ப்பவர் அதனைப் பன்னிரண்டு மணி என்று பிழையாகப் படிக்கவும் இடமில்லை. நேரம் தவறாகக் காட்டப்படவில்லை, காட்டப்படாமல் விடப்படுகிறது. 'ஆர்சோ' என்ற வகையிலே திகதி காட்டும் முள்ளும் கூடவே மறைந்துவிடும். மீண்டும் அழுத்தினால் முட்கள் யாவும், இடையே ஐந்து நிமிடம் சென்றிருப்பினும் மூன்று மணித்தியாலம் சென்றிருப்பினும், சரியான நேரத்துக்குத் தாவி விடுகின்றன. முகப்பின் கீழே சுருள்வில்லும் பற்சில்லுகளும் ஒரு கணமேனும் ஓய்வதில்லை. நின்றது நேரமன்று, அதன் முகம் மாத்திரமே.

இப்பொறி முதன்முதலாக 2011இல் வெளிவந்தது. ஜெனீவாவிலே அஜனோர் என்னும் பட்டறையை நடத்திய ஜோன்-மார்க் வீடெறெக்ட் அதனை ஆக்கியளித்தார். ஜெனீவாவின் மணிக்கூட்டுத் துறைப் பெரும்பரிசுகளில் ஆடவர் மணிக்கூட்டுக்கான பரிசு அவ்வாண்டு இதற்கே கிடைத்தது. 2025இல் அது மீண்டும் வந்தபோது இரு வடிவங்களைப் பெற்றது. ஒன்று 42 மில்லிமீற்றர் விட்டமுடைய ஆர்சோ. மற்றையது முந்திய ஆண்டிலே அறிமுகமான 'கட்' என்னும் வடிவில் அமைந்த 39 மில்லிமீற்றர் மணிக்கூடு.

ஹேர்மெஸ் 1837இல் தியெறி ஹேர்மெஸ் என்பவரால் குதிரைச் சேணமும் கடிவாளமும் செய்யும் பட்டறையாகத் தொடங்கப்பெற்றது. பின்னர் அது தோற்பை, பட்டுச் சால்வை, ஆடை எனப் பெருகி, செல்வர்களின் நவநாகரிக இல்லமாயிற்று. மணிக்கூட்டோடு அதற்கேற்பட்ட முதலுறவும் தோல்வழி வந்ததே. 1912இல் எமில் ஹேர்மெஸின் மகள் ஒருத்தி பையில் வைக்கும் மணிக்கூட்டைக் கையில் அணியத்தக்கதாகத் தோலுறை ஒன்று செய்யப்பட்டது. சுவிற்சர்லாந்தின் பியென் நகரில் அந்நிறுவனம் தனக்கென மணிக்கூட்டுப் பிரிவை நிறுவியது 1978இல். அவ்வாண்டிலேயே ஆன்றி தொறின்யீ ஆர்சோவின் வடிவத்தை வரைந்தார். அங்கவடியை நினைவூட்டும் சமனற்ற காதுகளும், பாய்ந்தோடும் குதிரைபோலச் சரிந்து நிற்கும் எண்களும் அதன் அடையாளங்கள். 2006இல் புளூரியே ஊரின் வோஷே தொழிலகத்தின் நாலிலொரு பங்கை வாங்கியதன் பின்னரே, மணிக்கூட்டின் உள்ளுறுப்பும் ஓரளவுக்கேனும் ஹேர்மெஸின் சொந்தப் பொருளாயிற்று எனலாம்.

நவநாகரிக இல்லமொன்று மணிக்கூட்டுத் துறையிற் புகும்போது அதன் உள்ளார்ந்த முரண்பாடு வெளிப்படுகின்றது. ஆடையுலகின் நேரம் பருவத்தோடு மாறுவது. சென்ற பருவத்தை மறக்கச் செய்வதே அதன் வாணிபம். பொறிமணிக்கூடோ தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதாகப் பாராட்டப்படுவது. இம்முரண்பாட்டை ஒவ்வோர் இல்லமும் ஒவ்வொரு விதமாகத் தீர்க்க முயல்கின்றது. லூயி வித்தோன் 2023இல் தன் தம்பூர் மணிக்கூட்டைப் புதுக்கியபோது, மலிவான பழைய வகைகளிற் பெரும்பாலானவற்றைக் கைவிட்டு, மெல்லிய உருவம், சான்றிதழ் பெற்ற துல்லியம் என்பவற்றை முன்னிறுத்தியது. மணிக்கூட்டாளர் சபையிலே தனக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்று கேட்கும் குரல் அதில் ஒலிக்கின்றது. ஹேர்மெஸ் அவ்விருக்கையைக் கேட்கவில்லை. துல்லியத்தையே பெருமையாகக் கொண்ட ஒரு துறையினுள் நின்று, நேரத்தைக் காட்ட மறுக்கும் கருவியைச் செய்ததிலே ஒரு துணிவு உண்டு. அத்துணிவை ஏற்றுக்கொண்டே மேலே செல்லல் வேண்டும்.

அத்துணிவு எப்போது சாத்தியமாயிற்று என்பது அடுத்த வினா. 1969 டிசெம்பர் 25ஆந் திகதி யப்பானின் செய்க்கோ நிறுவனம் குவாட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. மின்கலத்தால் இயங்கிய அக்கருவி மிகச் சிறந்த பொறிமணிக்கூட்டையும் துல்லியத்தில் வென்றது. அத்துடன் வந்த நெருக்கடியில், 1970 அளவில் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேருக்கு வேலையளித்த சுவிஸ் மணிக்கூட்டுத் தொழில், 1980களின் நடுப்பகுதியில் அதில் மூன்றிலொரு பங்கினரளவிலேயே எஞ்சியது. பயன் என்ற அளவில் பொறிமணிக்கூடு அன்றே தோற்றுவிட்டது. தோற்ற பின்னரே அது உயர்ந்தது. பயன்மதிப்பு கழிந்த பண்டம் கௌரவத்தின் சின்னமாகப் புதுவாழ்வு பெறுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. நேரமறிய வேண்டிய தேவை மணிக்கூட்டைவிட்டு நீங்கியமையாலேயே, நேரத்தை மறைக்கும் மணிக்கூடு ஒரு விளையாட்டாக முடிந்தது. கையிலே ஒரே மணிக்கூடுடைய ஒருவனுக்கு இப்பொத்தானால் ஆகப்போவது யாது?

ஈண்டு ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்ப்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை நினைவுக்கு வருதல் தவிர்க்கவியலாதது. செய்யவேண்டிய கருமத்தைக் கொண்டு பொழுதை அளந்த மக்கள், கடிகாரம் அளந்த பொழுதுக்குத் தம் உழைப்பை விற்பவராக எவ்வாறு மாற்றப்பட்டனர் என்பதே அதன் பொருள். தொழிற்சாலை முதலாளிகள் காலையிலே முட்களை முன்னேயும் மாலையிலே பின்னேயும் தள்ளிவைத்ததையும், தொழிலாளர் தம்மிடம் மணிக்கூடு வைத்திருக்க அஞ்சியதையும் காட்டும் சாட்சியங்கள் அதில் இடம்பெறுகின்றன. முட்களை மனம்போன வாறு நகர்த்தும் உரிமை அன்றே இருந்தது. அது முதலாளியிடம் இருந்தது. பொய் சொன்ன அந்த முட்களுக்குத் தொழிலாளி தன் மாலைப்பொழுதை விலையாகக் கொடுத்தான். பொய்யும் சொல்லாது மெய்யும் சொல்லாது நிற்கும் ஹேர்மெஸின் முட்களுக்கு அவற்றை அணிபவர் பொன்னை விலையாகக் கொடுக்கிறார். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை உணராது இம்மணிக்கூட்டை நேரத்தின் கொடுங்கோன்மைக்கு எதிரான கவிதை என்று புகழ்வது பொருந்தாது.

பாரிஸ் நகரிலேயே நேரத்தை நிறுத்த முயன்ற மனிதர் வேறு சிலரும் இருந்தனர். 1830 ஜூலைப் புரட்சியின் முதல்நாள் மாலை, நகரின் பல்வேறிடங்களிலே கோபுர மணிக்கூடுகளை நோக்கி மக்கள் ஒரே வேளையிற் சுட்டனர் என்ற செய்தியை, வால்டர் பெஞ்சமின் 1940இல் எழுதிய வரலாறு பற்றிய குறிப்புகளிலே எடுத்தாண்டுள்ளார். அதற்கு ஏழாண்டு கழித்தே தியெறி ஹேர்மெஸின் சேணப்பட்டறை தோன்றியது. சுட்டவர் நிறுத்த விரும்பியது எல்லோருக்கும் பொதுவான நேரம். பொத்தானை அழுத்துபவர் நிறுத்துவது தமக்கு மாத்திரம் உரிய நேரம். அதுவும் வேண்டியபோது திரும்பப் பெறத்தக்கதாக.

எனினும் இத்தொகுதியைச் செல்வரின் பொய்க்கனவு என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடுதலும் விமர்சனமாகாது. நேரத்தை மறக்கும் விருப்பம் செல்வருக்கு மட்டும் உரியதன்று. அன்புக்குரியாரோடு இருக்கும் பொழுதிலே மணியைப் பார்க்கலாகாது என்ற உணர்வு எவருக்கும் உண்டு. அவ்வுணர்வுக்குப் பொறிவடிவம் கொடுத்தமை ஒரு கண்டுபிடிப்பே. ஹேர்மெஸின் ஏனைய படைப்புகளோடு ஒப்பிடும்போது இது தெளிவாகும். 2014இன் 'மறைந்த மணி' என்னும் படைப்பில் மணிமுள் நிமிடமுள்ளின் பின்னே ஒளிந்திருந்து, அழுத்தும்போது மட்டும் வெளிப்படும். வேடிக்கை என்பதற்கப்பால் அதில் அதிகமில்லை. 2017இன் 'பொறுமையற்ற மணி' வரவிருக்கும் ஒரு சந்திப்புக்கு முந்திய ஒரு மணித்தியாலத்தை எண்ணிக் கடைசியில் ஒலியெழுப்பும். காத்திருத்தலின் தவிப்பை அது நன்கு பிடித்துள்ளது. (மணி என்ற ஒரே சொல்லால் ஒலியையும் நேரத்தையும் குறிக்கும் தமிழருக்கு இதன் சுவை விரைவில் விளங்கும்.) 2019இன் 'நிலவின் மணி' வட, தென் கோளார்த்தங்களின் நிலவுகளை ஒருங்கே காட்டுகின்றது, அதில் நேரவட்டும் திகதிவட்டும் 59 நாள்களில் முகப்பை ஒருமுறை சுற்றிவந்து நிலவுகளை மறைத்தும் காட்டியும் செல்லும். கண்ணுக்கு இதுவே அழகில் மேலானது. ஆயின் உருவமும் உள்ளடக்கமும் பிரிக்கவியலாதபடி இணைந்திருப்பது 'நிறுத்தி வைக்கப்பட்ட நேர'த்திலேயே. மறதியும் நினைவும் அதில் ஒரே பொறியின் இரு செயல்கள்: முகப்பு மறக்கிறது, அடியிலுள்ள சில்லுகள் நினைவில் வைத்திருக்கின்றன.

2025இன் ஆர்சோவில் முகப்பின் ஒரு பகுதி திறக்கப்பட்டு அந்தச் சில்லுகளும் கண்ணுக்குப் புலனாக்கப்பட்டுள்ளன. 2011இல் மூடிய முகப்பின் பின்னே நிகழ்ந்த மாயம் இப்போது விளக்கப்பட்டுவிட்டது. மாயத்துக்கு அது நட்டமே. சில்லுகளைக் காட்டும் முகப்பு அவற்றைச் செய்த கைகளைக் காட்டுவதில்லை என்பதும் கருதத்தக்கது. மணிக்கூட்டுத் தொழிலில் உழைப்பு எத்தனை துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்பதை எடுத்துக்காட்டவே மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்திலே வில் செய்பவர், முகப்புச் செய்பவர், முள் செய்பவர் என நீண்டதொரு பட்டியலைத் தந்தார். புளூரியே அமைந்துள்ள யூரா மலைப்பகுதியின் மணிக்கூட்டுத் தொழிலாளரிடையே 1872இல் சில நாள் தங்கிய குரொபொற்கின், தாம் அராஜகவாதியாகியதற்கு அவர்களது சுதந்திர மனப்பாங்கே காரணம் என்றார். அத்தகையதொரு மரபின் கைவினை இன்று இல்லத்தின் பெயர் ஒன்றினுள் முழுவதும் அடங்கிவிடுகின்றது. வீடெறெக்ட் போன்ற ஒரு சிலரின் பெயரே வெளியே தெரிகின்றது.

'கட்' வடிவம் ஆர்சோவைவிடச் சிறியது. திகதி அதில் இல்லை. அது இழப்பன்று, ஏனெனில் மறைக்கவேண்டியது ஒன்று குறைகிறது. ஆனால் 4க்கும் 5க்கும் இடையே ஒரு சிறு முள் சேர்க்கப்பட்டுள்ளது. அது வழக்கமான திசைக்கு எதிராக, 24 செக்கனுக்கு ஒரு சுற்றாகச் சுழல்கின்றது. பாரிசிலுள்ள இல்லத்தின் முகவரி எண்ணும் 24 என்பதை அறிந்தோர் புன்னகைக்கலாம். அலங்காரம் என்றே அது சேர்க்கப்பட்டிருக்கலாம். ஆயின் உள்ளே பொறி இயங்கிக்கொண்டிருக்கின்றது என்பதை முகப்பின் மேலேயே சொல்லும் உறுப்பு அது ஒன்றுதான். 2011இன் மணிக்கூடு மறைத்ததை அந்தச் சிறு முள் மறைக்கவில்லை.