உப்பும் வெள்ளியும் வெயிலும்: பழைய படத்தைப் படிக்கும் முறை

பழைய புகைப்படம் ஒன்றை விமர்சனம் செய்ய, அது எப்படி அச்சானது என்று தெரிந்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். புத்தகத்தை ரசிக்க அச்சகத்து மையின் கணக்கு எதற்கு என்று நண்பர்களோடு வாதாடியும் இருக்கிறேன். கடந்த கோடையில் பெங்களூரின் ஒரு மொட்டைமாடியில் கழித்த சில ஞாயிற்றுக்கிழமைகள் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டன. அதோடு, சில வருஷங்களுக்கு முன் நம் சங்க மேடையில் நான் பேசிய பேச்சொன்றையும் பாதி திருத்திக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அந்தத் திருத்தம்தான் இக்கட்டுரை.

அன்று நான் பேசியது லினேயஸ் ட்ரைப் எடுத்த படங்களைப் பற்றி. சென்னை ராணுவத்தில் அதிகாரியாக இருந்த இவர், 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858-இன் தொடக்க மாதங்களில் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றிக் கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுத்தார். மீனாட்சியம்மன் கோயிலும் திருமலை நாயக்கர் மகாலும் அதற்கு முன் இவ்வளவு விரிவாகப் படமாக்கப்பட்டதில்லை. அந்தப் படங்களைத் திரையில் காட்டி நான் சொன்னது இதுதான்: "பாருங்கள், கோயில் இருக்கிறது, ஆள் இல்லை. கல்லை எடுத்துக்கொண்டு மக்களைத் துடைத்துவிட்டான் வெள்ளைக்காரன்." கைதட்டல் பலமாகவே கிடைத்தது.

இனி மொட்டைமாடிக்கு வருவோம். அங்கே கற்றுத் தந்தவர் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே குடியேறிய ஒரு கலைஞர். உப்புத்தாள் அச்சையே தன் படைப்புக்கான வழியாக வைத்திருப்பவர். வயதில் என் மகளைவிடச் சிறியவர். ஆனாலும் எனக்கு அவர் 'மேடம்', அவருக்கு நான் 'சார்'.

முறை சொல்வதற்கு எளிது. நல்ல காகிதத்தைச் சமையல் உப்புக் கரைசலில் நனைத்துக் காயவைக்க வேண்டும். மங்கலான விளக்கொளியில் அதன்மேல் சில்வர் நைட்ரேட் பூச வேண்டும். உப்பும் வெள்ளியும் சேர்ந்து, வெயில் பட்டால் கறுக்கும் பொருளாகிவிடும். நெகட்டிவை அதன்மேல் அழுத்தி வைத்து வெயிலில் காட்டி, பிறகு கழுவி, ஹைப்போவில் போட்டு, மறுபடி நன்றாகக் கழுவ வேண்டும். இங்கிலாந்தில் டால்பாட் 1830-களில் கண்டுபிடித்த வழி இது. பெரிதாக்கும் கருவி எதுவும் கிடையாது. நெகட்டிவ் எவ்வளவோ, படமும் அவ்வளவே.

செய்வதுதான் கஷ்டம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க, "சார், மணியைப் பார்க்காதீங்க, பேப்பரைப் பாருங்க. மேகம் வந்தா உங்க பத்து நிமிஷம் இருபது ஆயிடும்" என்றார். ஹைப்போவில் படம் வெளிறும் என்பதால், தேவைக்கு மேலேயே கறுக்க விட வேண்டும். எவ்வளவு மேலே என்பதைக் கை பழகித்தான் அறிய வேண்டும். முதல் படம் வெளிறிப்போனது. இரண்டாவது கரியாயிற்று. மூன்றாவது தேறியது. அதே நெகட்டிவில் நாலாவது போட்டேன். மூன்றாவதின் நிறம் வரவே இல்லை. விரலில் படிந்த கறுப்பு மட்டும் ஒரு வாரம் போகவில்லை. வீட்டில் திட்டு வேறு.

பிறகு ஒரு நாள் காகித நெகட்டிவையே தயாரித்துக் காமிராவில் போட்டோம். ட்ரைப் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். முன்கூட்டியே தயார்செய்து எடுத்துப் போகலாம் என்பதால் மாட்டுவண்டிப் பயணத்துக்கு ஏற்றது. ஆனால் ஒளியை வாங்குவதில் மகா மந்தம். மாடியிலிருந்து தெருவை நோக்கி நான்கு நிமிஷம் லென்ஸைத் திறந்து வைத்தோம். அதற்குள் காய்கறி வண்டி போயிற்று, ஆட்டோக்கள் போயின, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கூச்சலோடு போனார்கள். படத்தில் ஒருவரும் இல்லை. எதிர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர் மட்டும் முகம் கலைந்த நிழலாக விழுந்திருந்தார்.

எனக்குச் சொரேலென்றது. மக்களை யாரும் துடைக்கவில்லை. அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். மதுரைக் கோயிலில் அன்று கூட்டம் இருந்திருக்கலாம், காகிதத்துக்கு அதைப் பிடிக்கும் வேகம் இல்லை.

அப்படியானால் என் பழைய பேச்சு முழுவதும் தவறா? அதுவும் இல்லை. ஆளை அசையாமல் நிறுத்தினால் விழுவார், அக்காலத்தில் பலர் அப்படி எடுத்திருக்கிறார்கள். ட்ரைப் பெரும்பாலும் அதைச் செய்யவில்லை. கட்டடமே அவர் குறி. அரசு கேட்டதும் அதைத்தான். அடுத்து வானம். அந்த நெகட்டிவுக்கு நீல ஒளி மட்டுமே உறைக்கும், ஆகவே வானம் வெறும் வெள்ளையாகும். ட்ரைப் நெகட்டிவில் வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். வானத்துக்காகத் தூரிகை எடுத்தவர் மனிதருக்காக ஒரு கணம் யாரையும் நிற்கச் சொல்லவில்லை என்று இன்றும் குறை சொல்லலாம். ஆனால் ரசாயனத்தின் இயலாமை எது, மனிதனின் தேர்வு எது என்று பிரித்துவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும். அன்று நான் இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் குற்றப்பத்திரிகை வாசித்தேன்.

பாராட்டும் இதனால் மாறுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை ட்ரைப் 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். ராஜராஜன் காலத்து எழுத்துகளை ஹுல்ஷ் பதிப்பித்து வெளியிடுவதற்கு முப்பது வருஷங்களுக்கு மேல் முந்திய வேலை இது. மேடையில் இதை ஒரு தகவலாக மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். இரண்டு அச்சுகளின் நிறத்தைச் சேர்க்கவே முடியாமல் தவித்தவன் இப்போது சொல்கிறேன்: 21-ஐ ஒரே சுவராகப் படிக்கும்படி சேர்த்தது அசாத்தியமான உழைப்பு. அதிலும், ட்ரைப்பின் தொகுதிகளுக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான அச்சுகளை ஒவ்வொன்றாக வெயில் காட்டி, கழுவி, உலர்த்தியதில் அவருடைய உதவியாளர்களின் கைகளும் உண்டு. படத்துக்குள் நம்மவர் இல்லை என்று பேசினேனே, படத்தைச் செய்தவர்களில் நம்மவர் இருந்ததை யோசிக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. இப்போது நகரங்களில் இத்தகைய பயிற்சிகள் பெருகி வருகின்றன. இலையை வைத்து நீலப் படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுவது ஒரு மோஸ்தராகிவிட்டது. பழைய வழியில் அச்சிட்டதாலேயே ஒரு படம் நல்ல படமாகிவிடாது. என் ஆசிரியரும் இதில் கறார்: "அழகா இருக்கு, சரி. எதுக்கு இந்த முறையில பண்ணீங்க?" என்று கேட்பார். பதில் இல்லையென்றால் படத்தை ஓரமாக வைத்துவிடுவார்.

நம் வீடுகளுக்கு இதில் என்ன இருக்கிறது? ஊரை விட்டு வந்த நம்மில் பலரிடம் ஊருக்கு அடையாளமாக மிஞ்சியிருப்பது டிரங்குப் பெட்டியில் கிடக்கும் சில படங்கள்தான். பிள்ளைகள் அவற்றைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு, அசலைப் பழைய பேப்பரோடு போட்டுவிடலாமா என்கிறார்கள். போடாதீர்கள். கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இருண்ட பகுதிகளில் வெள்ளி மினுமினுப்பது தெரியலாம். திருப்பினால் ஸ்டுடியோ முத்திரை, யாரோ பென்சிலில் எழுதிய தேதி இருக்கலாம். கைபேசியில் ஏறுவது முகம் மட்டுமே.

பாட்டி ஏன் இப்படி முறைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று பேரன் கேட்டால், அவள் கோபக்காரி என்று சொல்லிவிடாதீர்கள். அசையாதே என்று யாரோ சொல்லியிருப்பார்கள், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருப்பாள்.