துடைக்கையில் தொலையும் துடிப்பு

பக்கவாதம் வந்து சில வாரங்களே ஆனவரின் முன்கையில் தசையின் மின்துடிப்பைப் பதியும் இஎம்ஜி பட்டையைக் கட்டினால், அந்தத் துடிப்பு சில பத்து மைக்ரோவோல்ட்டைத் தாண்டாமல் போகலாம். கை அசையாது, தசை முயன்றுகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த முயற்சியைக் காட்டுவதுதான் இக்கருவியின் பெருமை. இரைச்சல் நீக்கும் மென்பொருள் முதலில் காவு வாங்குவதும் அதைத்தான்.

எல்லா வடிகட்டலும் அப்படியல்ல. அசைவால் வரும் இரைச்சலுக்காக 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம் என்று கார்லோ டி லூக்கா குழு 2010-இல் பரிந்துரைத்தது. அதில் இழப்பு சொற்பம். சிக்கல் 50 ஹெர்ட்ஸில். நம் வீட்டு மின்சாரத்தின் ரீங்காரம் அங்கேதான் இருக்கிறது. தசைத்துடிப்பின் வலுவான பகுதியும் 50-க்கும் 150-க்கும் இடையில்தான். 'நாட்ச் ஃபில்டர்' ரீங்காரத்தை வெட்டினால், தசையின் சரக்கும் கொஞ்சம் சேர்ந்து போகும்.

வேவ்லெட் முறை இன்னும் நுட்பமானது, இன்னும் ஆபத்தானதும்கூட. ஒரு வரம்புக்குக் கீழுள்ள சிறு அலைகளையெல்லாம் இரைச்சல் என்று சுழியாக்கிவிடுகிறது. திடமான தொடைத் தசைக்கு இது பொருந்தும். துவண்ட மணிக்கட்டுக்கு? வரைபடம் பளிச்சென்று இருக்கும், முன்னேற்றம் மட்டும் காணாமல் போயிருக்கும். ஆரோக்கியமான இளைஞர்களின் பதிவில் செயற்கை இரைச்சலைக் கலந்து, பிறகு அதையே நீக்கிக் காட்டும் சோதனைகளில் இந்தக் குறை வெளிப்படாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுவந்தது. கடலூரிலோ சிதம்பரத்திலோ அந்தச் சேவையில் இப்பட்டை ஒருநாள் சேர்ந்தால், அதற்கு முதல் எதிரி கடற்கரை வேர்வைதான். தோலில் ஒட்டும் இரண்டு மின்முனைகளுக்கும் பொதுவான ரீங்காரத்தைக் கழித்துவிடும்படிதான் கருவியின் பெருக்கி அமைந்திருக்கிறது. வேர்வையில் ஒரு முனை நெகிழ்ந்தால் சமநிலை குலைந்து, ரீங்காரம் உள்ளே நுழைந்துவிடும். முடியை மழித்து, தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, ஐரோப்பாவின் செனியம் வழிகாட்டல் சொல்லும் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் முனைகளை ஒட்டுவது பழைய வேலை. ஆய்வுக் கட்டுரைகளில் அதற்கு ஒரு வரிதான் கிடைக்கும். ஆனாலும் பல புதுக் கணக்குமுறைகளைவிட அது அதிகம் சாதிக்கும்.

கருவி இன்னொன்றும் செய்யலாம்: சுத்தம் செய்த பதிவோடு மூலப் பதிவையும், தசை ஓய்ந்திருக்கும்போது எடுத்த பதிவையும் வைத்திருப்பது. சந்தேகம் வந்தால் சிகிச்சையாளர் மூலத்தைத் திறந்து பார்க்கலாம். வினாடிக்கு 1000 மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட் என்று வைத்தால், ஒரு தசையின் பத்து நிமிடப் பயிற்சி 1.2 எம்பிதான், வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்க வீடியோவே பல சமயம் அதைவிடப் பெரிது.