மண்ணும் மரமும் காகிதமும்: இத்தாலியின் குடில் மரபுகள்

நேப்பிள்ஸ் நகரில் சான் கிரெகோரியோ அர்மேனோ என்றொரு குறுகலான தெரு இருக்கிறது. அங்குள்ள பட்டறைகளில் ஆண்டு முழுவதும் குடில் பொம்மைகள் செய்கிறார்கள். திருவருகைக் காலம் வந்துவிட்டால் தெருவில் கால்வைக்க இடமிராது. குழந்தை இயேசுவையும் சூசையப்பரையும் வாங்க வந்தவர்கள், விரல்நுனி அளவு மீன்கூடை, நகமளவு ரொட்டி, ஒரு கசாப்புக் கடை என்று சேர்த்து வாங்கிப் போகிறார்கள். ஆண்டவர் பிறந்த இடத்தில் மீன்கடை எதற்கு? இத்தாலியரின் கிறிஸ்துமஸை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிப் பார்ப்பதே சரி என்பது என் எண்ணம்.

1223-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், கிரேச்சோ என்னும் மலையூரில், புனித பிரான்சிஸ் அசிசியார் ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பச் செய்தார். அருகில் உயிருள்ள மாடும் கழுதையும் நின்றன. அங்கேயே திருப்பலி நடந்தது. பொம்மைகள் இல்லை, மாதா வேடமிட்டவர் எவரும் இல்லை. தீவட்டியோடு மலையேறி வந்த ஊர்ச் சனங்களே இடையர்கள். தொலைதூரப் பெத்லகேமை அவர் அந்த ஏழை ஊருக்குள் வரவழைத்துவிட்டார். நேப்பிள்ஸின் மீன்கடையும் அந்த வழியாக வந்ததுதான்.

18-ஆம் நூற்றாண்டில் குடில் கலை நேப்பிள்ஸில் உச்சம் தொட்டது. 1734-ல் அரியணை ஏறிய பூர்போன் வம்சத்து சார்லஸ் மன்னருக்குக் குடில் மீது தணியாத ஆசை. அரசி மரியா அமலியாவே பொம்மைகளுக்கு உடை தைத்தார் என்பார்கள். தலை சுடுமண், கண் கண்ணாடி, கைகால் மரம், உடல் கம்பியில் சுற்றிய நார், மேலே பட்டு. கம்பி வளையும் என்பதால் ஒவ்வொரு உருவத்தையும் வேண்டிய நிலையில் நிறுத்தலாம். சான்செவேரோ சிற்றாலயத்தில் மெல்லிய துகில் போர்த்திய கிறிஸ்துவை 1753-ல் பளிங்கில் வடித்த ஜுசெப்பே சான்மார்த்தினோ, பெரிய சிற்பி என்று ஒதுங்காமல் இந்தப் பொம்மைகளுக்கும் முகம் செய்தார். அந்தக் காலத்தின் நிறைவைக் காண வேண்டுமானால் சான் மார்த்தினோ அருங்காட்சியகத்தில் 1879 முதல் உள்ள குச்சினியெல்லோ குடிலைப் பார்க்க வேண்டும். திருக்குடும்பம் இருப்பது தொழுவத்தில் அல்ல, இடிந்த ரோமானியக் கோயில் ஒன்றில். மேலே சம்மனசுகள் சுழன்று இறங்குகிறார்கள். ஒருபுறம் சத்திரத்தில் விருந்து நடக்கிறது.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சில நேப்பிள்ஸ் குடில்களில் சத்திரமும் சந்தையும் பெருகிப் பெருகி, குழந்தையைத் தேட வேண்டியிருக்கிறது. சந்தையைச் சுற்றி அலையும் கண் தானாகவே தொட்டிலுக்கு வந்து சேர வேண்டும். குடில் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் என் உரைகல் இதுதான். மரபறிந்த கைவினைஞர்கள் உச்சியில் பெனீனோ என்ற தூங்கும் இடையனை வைப்பார்கள். கீழே தெரிவதெல்லாம் அவன் காணும் கனவு. அவனை எழுப்பினால் குடில் மறைந்துவிடும் என்பது நம்பிக்கை.

பொலோன்யா மரபில் துணியே கிடையாது. உடையும் உடலும் ஒரே மண்ணில் அல்லது ஒரே மரத்தில் உருவாகின்றன. அங்கும் ஒருவன் தூங்குகிறான். ஆனால் அவனுக்கு எதிரே வியப்பில் கைகளை உயர்த்தி ஒரு பெண் நிற்கிறாள். அவள் பெயரே 'வியப்பு'. இறைவன் வந்த இரவில் உலகம் இரண்டாகப் பிரிந்து நின்றதை இரண்டே உருவங்களில் சொல்லிவிட்டார்கள். நேப்பிள்ஸின் நூறு உருவங்களைவிட இந்த இருவரும் என்னை ஆழமாகத் தொடுகிறார்கள்.

ஜெனோவாவில் மரமே அரசு. சிற்பி மரல்யானோவின் (1664–1739) பட்டறை அதற்குப் பேர்போனது. சிசிலியில் த்ராபானி நகரத்தார் கடலில் எடுத்த பவளத்தைக்கூடக் குடிலுக்குக் கொடுத்தார்கள். அதே தீவின் கல்தஜிரோனேயிலோ சுருக்கம் விழுந்த முகமுள்ள உழவர்கள், களிமண்ணில். தென்கோடி லெச்சேயில் காகிதம். கம்பியில் வைக்கோல் சுற்றி, பசை தடவிய காகிதத்தை அடுக்கடுக்காய் ஒட்டி, உலர்ந்தபின் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மடிப்புகளைத் தேய்த்து எடுப்பார்கள். வாடிக்கையாளர் வராத வேளைகளில் நாவிதர்கள் தம் கடையிலேயே வளர்த்த கலை இது. பளிங்கு வாங்க வசதியற்ற ஊர், கிழிந்த காகிதத்தில் புனிதர்களைச் செய்துகொண்டது.

பல வீடுகளில் டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாளன்று குடில் வேலை தொடங்கும். அப்ருத்சோ, மோலிசே மலைகளிலிருந்து இடையர்கள் இருவர் இருவராக இறங்கி வருவது பழைய வழக்கம். ஒருவரிடம் ஆட்டுத்தோல் பையில் காற்றடைத்து ஊதும் சம்போன்யா. மற்றவரிடம் சீவாளி வைத்த குழல். ஒத்தும் நாகசுரமும் போல ஒன்று சுருதி பிடிக்க, மற்றது பாடும். புனித அல்போன்ஸ் லிகோரியார் 1754-ல் இயற்றிய கிறிஸ்துமஸ் பாடலை இன்றும் அவர்கள் ஊதுகிறார்கள். திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, ரோமையின் சிறுவர்கள் தங்கள் வீட்டுக் குழந்தை இயேசுவை புனித பேதுரு சதுக்கத்துக்கு எடுத்துவந்து, திருத்தந்தையின் ஆசீர் பெற்றுத் திரும்புகிறார்கள்.

திரும்பியதும் அந்தச் சிறு உருவத்தைப் பத்திரமாக எடுத்துவைத்து விடுவார்கள். 24-ஆம் தேதி நள்ளிரவு வரை தொட்டி வெறுமையாக இருக்கும். பெரும்பாலும் வீட்டின் கடைக்குட்டிதான் குழந்தையைக் கொண்டுவந்து கிடத்தும். மூன்று ராஜாக்களோ அப்போது அறையின் மறுகோடியில், ஏதோ ஓர் அலமாரி மேல் இருப்பார்கள். பிள்ளைகள் நாளுக்கொரு சாண் அவர்களை நகர்த்திக்கொண்டே வருவார்கள். ஜனவரி 5 இரவு பெஃபானா கிழவி வந்து காலுறைகளில் மிட்டாய் நிரப்பிப் போவாள். மறுநாள் காலை ஒட்டகங்கள் குடிலின் வாசலில் நிற்கும்.