பயிற்சியாளர் தலையில் மட்டும் கட்டக்கூடாத முடிவு

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 6 அன்று இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் ஒரே நாளில் மூன்று பேரை வீழ்த்தினார். முதலில் வீழ்ந்தவர் ஜப்பானின் யுய் சுசாகி, சர்வதேசப் போட்டிகளில் அதுவரை யாரிடமும் தோற்காதவர். மறுநாள் காலை எடை பார்த்தபோது 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் கூடுதல். இறுதிப் போட்டியும் போனது, உறுதியாகியிருந்த வெள்ளியும் போனது. அந்த 100 கிராமைப் பற்றி நாடே பேசித் தீர்த்தது. அதற்கு முந்தைய இரவைப் பற்றித்தான் நாம் போதிய அளவு பேசவில்லை.

ஆகஸ்ட் 6 காலை வினேஷின் எடை 49.9 கிலோ. மூன்று ஆட்டங்களுக்கு இடையே குடித்த தண்ணீர், சாப்பிட்ட கொஞ்சம் உணவு எல்லாம் சேர்ந்து மாலையில் 52.7 ஆகிவிட்டது. பிறகு நடந்ததை அவருடைய ஹங்கேரியப் பயிற்சியாளர் வோலர் ஆகோஷ் முகநூலில் எழுதினார், பின்னர் அந்தப் பதிவை நீக்கிவிட்டார். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி செய்தும் ஒன்றரை கிலோ மிச்சமிருந்தது. ஐம்பது நிமிடம் சானா அறையில் உட்காரவைத்தும் வினேஷின் உடலில் ஒரு சொட்டு வியர்வை வரவில்லை. நள்ளிரவிலிருந்து விடியற்காலை ஐந்தரை வரை மீண்டும் ஓட்டம், மீண்டும் மல்யுத்தப் பிடிகள். இடையில் அவர் சுருண்டு விழுந்தார். தூக்கி நிறுத்தி மறுபடியும் சானாவுக்கு அனுப்பினார்கள். கடைசியில் தலைமுடியையும் வெட்டினார்கள். இவள் இறந்துவிடுவாளோ என்று நினைத்ததாக எழுதியவர், அவரைப் பயிற்றுவித்தவரேதான்.

வியர்வை நின்றுபோவது சாதாரண விஷயமில்லை. உடலில் நீர் வற்றினால் ரத்தத்தின் அளவு குறைகிறது, இதயம் கூடுதலாகத் துடிக்கிறது, வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது. அந்த நிலையில் நிறுத்தச் சொல்ல வேண்டியவர் யார்? பயிற்சியாளர் நிறுத்தியிருந்தால், ஒலிம்பிக் இறுதிப் போட்டியைக் கைவிட்ட பயிற்சியாளர் என்றே காலமெல்லாம் பேசப்பட்டிருப்பார். வீராங்கனையும் நிறுத்தச் சம்மதித்திருக்க மாட்டார். இருவருமே பதக்கத்துக்காக எதையும் தரத் தயாராக இருந்த இரவில், உயிரைப் பற்றிய முடிவை அவர்கள் கையிலேயே விட்டிருந்தோம்.

சிக்கல் தொடங்கியதும் அந்த இரவில் இல்லை. வினேஷ் 2022-இல் காமன்வெல்த் தங்கமும் உலக சாம்பியன்ஷிப் வெண்கலமும் வென்றது 53 கிலோ பிரிவில். அந்தப் பிரிவில் இந்தியாவுக்கான ஒலிம்பிக் இடத்தை 2023-இல் இன்னொரு வீராங்கனையான அந்திம் பங்கல் பெற்றுத் தந்தார். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய வினேஷ் அதனால் 50 கிலோவுக்கு இறங்கினார். உலக சாம்பியன்ஷிப்பில் பெண்களுக்குப் பத்து எடைப் பிரிவுகள் உண்டு, ஒலிம்பிக்கில் ஆறுதான். இடம் குறையக் குறைய, உடலைச் சுருக்கித்தான் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது.

அதே பாரிஸில் இந்திய மல்யுத்த வீரர் அமன் செஹ்ராவத் அரையிறுதிக்குப் பிறகு சுமார் பத்து மணி நேரத்தில் நாலரை கிலோவுக்கு மேல் குறைத்து, 57 கிலோவில் வெண்கலம் வென்றார். எல்லோரும் அதை வீரக் கதையாகக் கொண்டாடினோம். 2025 செப்டம்பரில் ஸாக்ரெப் உலக சாம்பியன்ஷிப்பில் அதே அமன் 1.7 கிலோ கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பு அவருக்கு ஓராண்டுத் தடை விதித்து, பிறகு விலக்கிக்கொண்டது. வழிமுறை ஒன்றுதான். வென்றால் பாராட்டு, தவறினால் தண்டனை என்று இருக்கும்வரை எந்தப் பயிற்சியாளரும் அந்த வழிமுறையைக் கேள்வி கேட்கப்போவதில்லை.

இதற்குத் தீர்வு இருக்கிறது, அதைச் செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் எடை குறைக்க முயன்ற மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். கல்லூரி விளையாட்டுச் சங்கம் உடனே விதிகளை மாற்றியது. வியர்க்க வைக்கும் ரப்பர் ஆடைகளுக்கும் சானாவுக்கும் தடை வந்தது. எடை பார்ப்பது ஆட்டத்துக்குச் சற்று முன்பு என்றானது. பருவத் தொடக்கத்திலேயே உடலில் நீர்ச்சத்து சரியாக இருக்கிறதா என்று சோதித்து, கொழுப்பின் அளவைக் கணக்கிட்டு, ஒருவர் இறங்கக்கூடிய மிகக் குறைந்த எடையை எழுத்தில் நிர்ணயித்தார்கள். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்றார்கள். மல்யுத்தம் அங்கே அழிந்துவிடவில்லை. பாரிஸில் 50 கிலோ தங்கத்தை வென்ற சாரா ஹில்டபிராண்ட் அமெரிக்கர்தான்.

அங்கிருந்து நாம் கற்க வேண்டியது இதுதான்: வீரரின் நலன் பயிற்சியாளரின் நல்ல மனதை நம்பியிருக்கக் கூடாது. நல்ல பயிற்சியாளரும் நெருக்கடியில் தடுமாறுவார். அவருக்குப் பின்னால் ஒரு விதி நின்றால்தான், 'இது முடியாது' என்று கூட்டமைப்பிடமும் வீரரிடமும் அவரால் தலைநிமிர்ந்து சொல்ல முடியும்.

தேசியப் பயிற்சி முகாமில் உள்ள ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடையை மருத்துவக் குழு ஆண்டுத் தொடக்கத்திலேயே நிர்ணயிக்கட்டும். அதற்குக் கீழே உள்ள பிரிவில் ட்ரையல்ஸில் கலந்துகொள்ளவே அனுமதி வேண்டாம். கூட்டமைப்பின் சம்பளத்தில் இல்லாத மருத்துவர் ஒருவர் அணியோடு செல்லட்டும். அவர் நிறுத்தச் சொன்னால் அதுவே முடிவு. பயிற்சியாளரின் வேலையை மதிப்பிடும்போது பதக்கங்களோடு சேர்த்து, அவரிடம் பயின்றவர்கள் எத்தனை ஆண்டு காயமில்லாமல் ஆடினார்கள் என்பதையும் எண்ணுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் 2028 ஜூலையில் தொடங்குகிறது. யார் எந்த எடைப் பிரிவில் ஆடுவது என்பதைப் போட்டிக்கு முந்தைய இரவில் சானா அறையில் முடிவு செய்ய முடியாது. மருத்துவரும் பயிற்சியாளரும் வீரரும் சேர்ந்து உட்கார்ந்து இப்போதே முடிவு செய்யட்டும். அதற்கான விதியைக் கூட்டமைப்பும் விளையாட்டு அமைச்சகமும் உடனே எழுத வேண்டும்.