கரியும் கரவும்: அகப்பாடலிலும் சிறுகதையிலும் காதலின் மெய்ப்பிப்பு

முன்னுரை

பிறர் அறியாமை என்பது களவொழுக்கத்தின் இயல்பு. இருவர் மட்டுமே அறிந்த ஒன்றை அவ்விருவருள் ஒருவர் மறுத்துவிட்டால் அதனை மெய்யென நிறுவுபவர் யார் என்னும் வினா இவ்வொழுக்கத்தோடு உடன்பிறந்தது. தொல்காப்பியம் இவ்வினாவை நன்கு உணர்ந்திருந்தது. பொய்யும் ஒழுக்கப் பிழையும் தலைகாட்டிய பின்னரே பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர் எனக் கற்பியல் கூறுவது இங்கு நினைக்கத்தக்கது. சடங்கு என்பது பலர் அறியச் செய்யப்படுவது. எனவே அது கரியை, அதாவது சான்றினை, உருவாக்குகிறது. கரவில் பிறந்த காதலுக்குக் கரி இல்லாமையால் நேரும் இழப்பு சங்கப் பாடல் முதல் இருபதாம் நூற்றாண்டுச் சிறுகதை வரை எவ்வாறு பேசப்படுகிறது என்பதைச் சில பனுவல்கள் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

பேசாத கரி

குறுந்தொகையின் 25ஆம் பாடல் கபிலர் பாடியது. ஐந்தே அடிகளால் ஆனது. தலைவனும் தானும் கூடிய வேளையில் வேறெவரும் அங்கு இல்லை என்கிறாள் தலைவி. அவன் அதனைப் பொய்யாக்கினால் தன் நிலை என்னாகும் எனக் கலங்குகிறாள். பின்னர் அவ்விடத்தில் ஒரு குருகு நின்றதை நினைவுகூர்கிறாள். தினையின் தாளை ஒத்த மெல்லிய கால்களுடன், ஓடும் நீரில் ஆரல்மீனை எதிர்நோக்கி நின்ற பறவை அது.

எவரும் இல்லை என்று தொடங்கிய கூற்று, ஒன்று இருந்தது என்று முடிவது கருதத்தக்கது. வழக்கில் கைவிடப்பட்டவர் எந்தச் சான்றும் இல்லாத நிலையில் நினைவின் மூலைகளைத் துழாவுவதை ஒத்தது இம்முடிவு. கிடைத்த சான்றோ பேசாதது. அதன் கண்ணும் மீனின் மேல் இருந்தது. தலைவி அக்குருகை இத்தனை நுணுக்கமாக விவரிப்பது அவள் நினைவின் உண்மைக்குச் சான்றாகிறது. காலின் பருமனையும் நீரின் ஓட்டத்தையும் அங்கு இருந்தவரன்றிப் பிறர் கூற இயலாது. பறவை கூறாத சாட்சியத்தைப் பறவையைப் பற்றிய வருணனை கூறுகிறது எனலாம்.

குருகைத் தலைவனின் உருவமாகக் காணும் விளக்கமும் உண்டு. தன் இரையிலேயே கருத்தாக நிற்கும் பறவை, தன் விருப்பம் ஒன்றையே கருதிய தலைவனைக் குறிப்பால் உணர்த்துகிறது என்பது அதன் சாரம். இவ்விளக்கம் பொருந்துவதே. ஆயினும் குருகைக் குறிப்புப் பொருளாக மட்டும் கொண்டால், அது அங்கு நின்ற ஓர் உயிர் என்பதும், தலைவி அதனைச் சான்றாகவே நாடினாள் என்பதும் மறைந்துவிடுகின்றன.

பாடலின் துறைக்குறிப்பு, தலைவன் மணத்தைக் காலம் தாழ்த்தியபோது தலைவி தோழிக்குக் கூறியது என அமைகிறது. தாழ்த்தல் என்ற சொல் மணம் பின்னர் நிகழும் என்னும் ஆறுதலை உட்கொண்டது. பாடலிலோ அவ்வாறுதல் இல்லை. துறைக்குறிப்புகள் பாடல்களுக்குப் பிற்பட்டவை என்னும் கருத்தை ஏற்பின், திணைமரபு தலைவியின் அச்சத்தை மரபின் வரம்புக்குள் அடக்கியது எனக் கருத இடமுண்டு.

அவையேறிய கரி

இவ்வச்சம் வெறும் கற்பனையன்று என்பதை அகநானூற்றின் 256ஆம் பாடல் காட்டுகிறது. மதுரைத் தமிழக்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய இம்மருதப் பாடலில், பரத்தையொடு நீராடி வந்த தலைவனுக்குத் தோழி வாயில் மறுக்கிறாள். ஊரில் எழுந்த அலருக்கு உவமையாக அவள் கள்ளூரில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறாள். அங்கு ஒருவன் ஓர் இளம்பெண்ணின் நலனைக் கவர்ந்தபின் அவளை அறியேன் எனச் சூளுரைத்தான். அவையத்தார் அறிந்த சாட்சிகளை உசாவி உண்மையைக் கண்டனர். அவனை மரக்கிளையில் இறுகப் பிணித்துத் தலையில் நீற்றைக் கொட்டினர்.

குருகின் முன் நின்ற பெண்ணுக்குக் கிட்டாத அனைத்தும் கள்ளூர்ப் பெண்ணுக்குக் கிட்டின: கரி, அவை, தண்டனை. எனினும் அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பாடல் ஒப்புமைக்கு எடுத்துக்கொள்வது அவையில் எழுந்த ஆரவாரத்தை. இழந்த நலனுக்கு என்னவாயிற்று என்பது குறித்து அது மௌனம் காக்கிறது. உண்மை வெளிப்படுதலும் இழப்பு தீர்தலும் ஒன்றல்ல என்பதை இம்மௌனம் உணர்த்துகிறது.

இதே உண்மையின் பேருருவைச் சிலப்பதிகார வழக்குரை காதையில் காணலாம். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் பரலாக இருந்தன. உடைந்த சிலம்பு ஐயத்துக்கு இடமின்றி வழக்கை முடித்தது. ஆனால் கோவலன் அதற்கு முன்பே கொல்லப்பட்டிருந்தான். கரி காலம் கடந்து வந்தது.

கல்லும் தீயும்

இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியவர் புதுமைப்பித்தன் (1906–1948). 1943இல் வெளிவந்த 'சாப விமோசனம்' அகலிகையின் மறுவாழ்வைக் கூறுகிறது. திருக்குறளின் 25ஆம் குறள் ஐம்புலன்களை அடக்கியவனின் ஆற்றலுக்கு இந்திரனையே கரியாகக் காட்டும். பரிமேலழகர் அதனைக் கௌதமரின் சாபத்தோடு இணைப்பார். அங்கு ஆற்றல் முனிவருடையது, கரி இந்திரன், அகலிகைக்கு இடமில்லை. புதுமைப்பித்தன் அவ்வெற்றிடத்திலிருந்து கதையைத் தொடங்குகிறார்.

இராமனால் கல்லுருவம் நீங்கிய அகலிகைக்கு அவன் மேல் அளவற்ற நம்பிக்கை உண்டு. தன் உள்ளம் தூயது என்பதை ஏற்றவன் அவன். வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீப்புகுந்ததைக் கூறும்போது அந்நம்பிக்கை சிதைகிறது. தனக்குச் சான்று கேட்காதவன் தன் மனைவியிடம் கேட்டான் என்பதை அவளால் தாங்க இயலவில்லை. உலகின் பொருட்டு அது வேண்டப்பட்டது என்னும் விடை அவளை மேலும் வருத்துகிறது. இறுதியில் கௌதமரின் தழுவலிலும் இந்திரனின் சாயலையே உணர்ந்து மீண்டும் கல்லாகிறாள்.

குறுந்தொகைத் தலைவி சான்று இல்லையே எனக் கலங்கினாள். அகலிகை சான்று கேட்கப்படுவதே அன்பின் முறிவு எனக் கண்டாள். இரண்டும் முரண்போல் தோன்றினும் அடிப்படை ஒன்றே. பெண்ணின் சொல் தன்னளவில் போதாது என்னும் உலகில், கரி இல்லாதவளும் இழக்கிறாள். கரி காட்டியவளும் இழக்கிறாள். முதற்சாபம் முனிவர் இட்டது. இரண்டாம் முறை எவரும் சபிக்காமலே அவள் கல்லாவதில் இக்கதையின் வன்மை உள்ளது.

அறிந்தும் உரையாமை

மெளனியின் 'அழியாச்சுடர்' கரியை வேறொரு திசையில் கொண்டுசெல்கிறது. கோயிலில் தான் கண்ட பெண்ணுக்கு இளைஞன் ஒருவன் உறுதிமொழி அளிக்கிறான். அங்குத் தூணில் நின்றது யாளி. ஆண்டுகள் கழிந்தபின் அச்சொல் அவனைத் தொடர்ந்து வருகிறது. குறுந்தொகையில் பேசாத பறவை பெண்ணின் நினைவில் நின்றது. இங்குக் கல் யாளி ஆணின் நெஞ்சில் நிற்கிறது. மறுத்துவிடக்கூடிய தலைவனின் இடத்தில், தன் சொல்லுக்குத் தானே கட்டுண்டவன் வருகிறான். வெளிக்கரி அகக்கரியாகும் மாற்றம் இது.

கு. ப. ராஜகோபாலனின் (1902–1944) 'விடியுமா?' மறைப்பின் இரக்கமுள்ள வடிவைக் காட்டுகிறது. கணவன் உயிருக்கு ஆபத்து எனத் தந்தி வருகிறது. குஞ்சம்மாளும் தம்பியும் இரவு முழுதும் சென்னை நோக்கி இரயிலில் செல்கின்றனர். முடிவு இன்னதென இருவரின் உள்மனமும் அறியும். ஒருவருக்காக ஒருவர் அதனை உரையாமல் காக்கின்றனர். பொழுது புலர்கையில் மரணம் உறுதியாகிறது. இங்கு உண்மையை மறைத்தது பொய்யன்று, பரிவு. ஓர் இரவுக்கு நம்பிக்கையை நீட்டித்துத் தர அதனால் இயன்றது.

முடிவுரை

தனியொருவர் பெயரைச் சுட்டலாகாது என்பது அகத்திணை மரபு. அம்மரபு காதலை எல்லோர்க்கும் பொதுவாக்கியது. அதே வேளையில் இழந்தவர் இன்னார் எனக் கூற இயலாத நிலையையும் தோற்றுவித்தது. சிறுகதை பெயரைத் திருப்பித் தந்தது. ஆனால் பெயர் பெற்ற அகலிகைக்கும் குஞ்சம்மாளுக்கும் கரியின் சிக்கல் தீரவில்லை.

ஆகவே இப்பனுவல்களில் மறைந்த உண்மை என்பது வாசகர் கண்டுபிடிக்க வேண்டிய இரகசியம் ஆகாது. நிகழ்ந்தது என்ன என்பதில் குறுந்தொகைத் தலைவிக்கோ அகலிகைக்கோ ஐயமில்லை. அவர்களுக்கு இல்லாதது அவர்கள் சொல்லைச் சான்றாக ஏற்கும் செவியே. கரையில் நின்ற குருகு இன்றுவரை எதுவும் கூறவில்லை. அதனைக் கண்டதாகக் கூறும் தலைவியின் சொல் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. அச்சொல்லைத் துறைக்குறிப்பின் துணையின்றியும் நம்பிப் படிப்பது அகப்பாடல் ஆய்வின் கடமைகளுள் ஒன்றாகும்.