காது மடலில் ஐந்து ஊசிகள்: தலைக்காயத்துக்கு அக்குபங்சர் எதுவரை உதவும்?

இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சாலையோரக் குண்டுவெடிப்பில் சிக்கி உயிர் பிழைத்த அமெரிக்கப் படைவீரர்கள் பலர், வெளியில் தெரியாத காயத்தோடு ஊர் திரும்பினார்கள். தீராத தலைவலி, தலைசுற்றல், வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், தூக்கம் பிடிக்காத இரவுகள், ஒரு வேலையிலும் நிலைக்காத கவனம். வெடிப்பின் அதிர்வு மூளையில் விட்டுச்சென்ற பாதிப்பு இது. வலிக்கு ஓபியாய்டு மாத்திரை கொடுத்தால் அதற்கே அடிமையாகிவிடும் ஆபத்து. தூக்க மருந்து கொடுத்தால் ஏற்கெனவே மந்தமாகியிருக்கும் மூளை இன்னும் மந்தமாகும். இந்த இக்கட்டில்தான் ராணுவ மருத்துவமனைகளில் அக்குபங்சருக்கு இடம் கிடைத்தது.

அங்கே அதிகம் பரவிய முறைக்குப் 'போர்க்கள அக்குபங்சர்' என்று பெயர். அமெரிக்க விமானப்படை மருத்துவர் ரிச்சர்ட் நீம்ட்சோ 2001-ல் வகுத்தது. செய்முறை எளிது. அம்புமுனை போன்ற, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஊசி ஒன்றைச் சிறு குழலில் வைத்துக் காது மடலில் குறித்த இடத்தில் அழுத்துகிறார்கள். உடனே நோயாளியை எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். வலி எவ்வளவு குறைந்தது என்று பத்துக்கு மதிப்பெண் கேட்கிறார்கள். பிறகு மறு காதில் அதே இடத்தில் ஒன்று. மீண்டும் நடை, மீண்டும் கேள்வி. இப்படி ஒவ்வொரு காதிலும் ஐந்து இடங்கள் வரை போகலாம். நடுவில் வலி போதிய அளவு குறைந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஊசிகள் காதிலேயே இருந்து சில நாட்களில் தானாக உதிர்ந்துவிடும். காதைத் தலைகீழாகக் கிடக்கும் சிசுவின் வரைபடமாகப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் போல் நோஜியேயின் 1950-களின் கருத்திலிருந்து கிளைத்த முறை இது.

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் பதிவேடுகளில், இந்த ஊசி குத்திய சில நிமிடங்களிலேயே வலி குறைந்ததாகச் சொன்னவர்கள் முக்கால்வாசிக்கும் மேல். படுக்கை வேண்டாம், மயக்கம் வராது, செலவும் குறைவு. இத்தனை வசதியுள்ள ஒரு முறையை ஏளனமாக ஒதுக்குவது நியாயமில்லை. ஆனால் இதைச் சுற்றி இரண்டு வெவ்வேறு வாக்குறுதிகள் பின்னிக் கிடக்கின்றன. அடிபட்டவரின் வலியும் தூக்கமின்மையும் தணியும் என்பது ஒன்று. அடிபட்ட மூளையே ஆறும் என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சுமாரான ஆதாரம் இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை. முதலாவது சம்பாதித்த நற்பெயரை வைத்துத்தான் இரண்டாவது விலைபோகிறது. இந்த முறையின் பெரிய குறை அதுதான்.

முதலில் வலி. ஊசி குத்தினால் உடலுக்குள் ஏதோ நடக்கிறது என்பதில் இப்போது பெரிய சர்ச்சை இல்லை. மின்சாரம் பாய்ச்சிய ஊசி உடலின் சொந்த வலிநிவாரணிகளைச் சுரக்க வைக்கிறது என்று சீனாவின் ஹான் ஜிஷெங் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டினார். நொடிக்கு இரண்டு துடிப்பு கொடுத்தால் ஒரு வகை, நூறு கொடுத்தால் வேறொரு வகை. 2010-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு, ஊசி குத்திய இடத்தில் அடினோசின் என்ற வேதிப்பொருள் பெருகி வலியைத் தணிப்பதை எலிகளிடம் கண்டது. 2021-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, எலியின் பின்னங்காலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கொடுத்த மின் ஊசி, வேகஸ் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பியைத் தூண்டி அழற்சியைக் குறைத்ததை விளக்கியது. நல்ல அறிவியல்தான். ஆனால் மூன்றும் வலியையும் அழற்சியையும் பற்றியவை. சிதைந்த மூளை நரம்புகள் மீண்டும் இணைவதைப் பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் சங்கடம் இன்னும் கூடுகிறது. ஜெர்மனியில் நாட்பட்ட முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரை மூன்றாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2007-ல் வெளியானது. முறைப்படி ஊசி குத்திக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. மருந்து, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம்தான். இதுவரை ஊசிக்கு வெற்றி. ஆனால் சாஸ்திரம் சொல்லாத இடங்களில், ஆழமில்லாமல், பேருக்குக் குத்திய 'போலி ஊசி'க் குழுவில் 44.2 சதவீதம்! எந்த இடத்தில் குத்துகிறோம் என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை என்றால், உடம்பெங்கும் நாடிப்பாதைகள் ஓடுகின்றன, துல்லியமான புள்ளிகள் இருக்கின்றன என்ற கோட்பாடு ஆட்டம் காண்கிறது. அதற்காக நோயாளி அடைந்த நிவாரணம் பொய்யாகிவிடாது. அரைமணி நேரம் ஒருவர் பக்கத்தில் இருந்து, தொட்டு, குறை கேட்டு, நம்பிக்கை கொடுத்ததற்கும் அதில் பங்கு உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

புதிதாக வந்த வலிக்கு? மெல்போர்ன் நகரின் நான்கு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில், கணுக்கால் சுளுக்கு, முதுகுவலி, ஒற்றைத் தலைவலியோடு வந்த 528 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. அக்குபங்சர் மாத்திரைகளுக்கு இணையாகவே நின்றது. முதல் ஒரு மணி நேரத்தில் எந்த முறையும் போதுமான நிவாரணம் தரவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். ஆதரவாளர்கள் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறார்கள்.

இனி மூளை. சீன மருத்துவமனைகளில் தலைக்காயத்துக்குப் பின் கோமாவில் கிடப்பவரை எழுப்பவும், செயலிழந்த கைகாலை அசைய வைக்கவும் ஊசி குத்துவது வழக்கம். 1970-களில் ஷான்சி மாகாணத்தைச் சேர்ந்த ஜியாவ் ஷுன்ஃபா பரப்பிய உச்சந்தலை ஊசிமுறை இதில் பிரபலம். மூளையின் எந்தப் பகுதி கையை இயக்குகிறதோ, அதற்கு நேர் மேலே தலைத்தோலில் கோடு வரைந்து, ஊசியைச் சாய்வாகச் செலுத்திச் சுழற்றுவார்கள். வரைபடம் நவீன நரம்பியலைப் போலத் தோன்றும். ஊசியோ தோலுக்கும் எலும்புக்கும் நடுவிலேயே நின்றுவிடுகிறது. அங்கே கொடுக்கும் தூண்டுதல் கபாலத்தைத் தாண்டி, சரியாக அதன் கீழே இருக்கும் மூளைப்பகுதியை மட்டும் எட்டும் என்பதை ஏற்க, வரைபடத்தின் அழகைத் தவிர வேறு காரணம் வேண்டும்.

மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013 திறனாய்வு, தலைக்காயத்துக்கு ஊசி குத்தி உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தேடியது. தகுதியான நான்குதான் தேறின. நான்கிலும் சேர்த்து நோயாளிகள் 294 பேர். அவையும் தரம் குறைந்தவை. பயன் உண்டு என்றோ, பாதுகாப்பானது என்றோ முடிவுகட்ட முடியாது என்று திறனாய்வாளர்கள் கைவிரித்தார்கள். இன்னொரு பழைய கண்டுபிடிப்பையும் இங்கே மறக்கக்கூடாது. 1998-ல் ஒரு குழு நாடுவாரியாக அக்குபங்சர் ஆய்வுகளைப் பிரித்துப் பார்த்தபோது, சீனாவிலிருந்து வந்தவை அத்தனையும் வெற்றி அறிவித்திருந்தன. தோல்வியே காணாத மருத்துவம் உலகில் கிடையாது. தோல்வியைப் பிரசுரிக்காத வழக்கம் உண்டு.

தலைக்காய ஆய்வுகளை ஏமாற்றக்கூடிய இன்னொரு விஷயம் காலம். லேசான மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் தாமாகவே தேறிவிடுகிறார்கள். பலத்த காயத்திலும் முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அந்த நாட்களில் யார் கைவைத்தாலும் பெயர் கிடைக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஒப்பிட்டுப் பார்க்க ஊசி குத்தாத ஒரு குழு இல்லாமல், 'பத்து முறை குத்தினோம், எழுந்து நடந்தார்' என்பது சாட்சியமாகாது.

ஊசியின் ஆபத்து பொதுவில் குறைவு. பிரிட்டனில் 34,407 சிகிச்சைகளைக் கண்காணித்து 2001-ல் வெளியிட்ட கணக்கில் கடுமையான பாதிப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் அது சாதாரண நோயாளிகளின் கணக்கு. விபத்தில் அடிபட்டவர் உடம்பு வேறு. மூளை வீக்கத்துக்காகக் கபால எலும்பின் ஒரு பகுதியை எடுத்துவைத்திருப்பவருக்கு அந்த இடத்தில் ஊசியும் மூளையும் தொடும் தூரத்தில் இருக்கின்றன. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், வலிப்பு வருபவர், உடலில் உணர்ச்சியற்ற பகுதி உள்ளவர் என்று எச்சரிக்கைப் பட்டியல் நீளும். முதல் சில மணி நேரத்தில் நிலைமை இன்னும் மோசம். தலையில் அடிபட்டவர் சிறிது நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே இரத்தம் தேங்கித் திடீரென நினைவிழப்பது உண்டு. சி.டி. ஸ்கேனுக்கு முன் தலைவலியைத் தணிக்க ஊசி தேடுவது உயிரோடு விளையாடுவது.

தமிழ்நாட்டில் இந்த விவாதத்துக்குத் தனி அவசரம் இருக்கிறது. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது முதல், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உயிர் தப்பியவர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபிறகுதான் நீண்ட சிரமம் ஆரம்பம்: மறதி, எரிச்சல், வேலைக்குப் போக முடியாத நிலை. பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் மனநல ஆலோசனையும் மாதக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் இடங்கள் சொற்பம். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-ல் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மையம் எழுந்தது. அந்த மாதிரி மாவட்டந்தோறும் பரவவில்லை. மருத்துவமனை கைவிட்ட அந்த இடைவெளியில்தான், ஊர்தோறும் போர்டு மாட்டியிருக்கும் அக்குபங்சர்காரர் நுழைகிறார். அவர்களில் சிலர் ஊசிகூட இல்லாமல் விரலால் தொட்டே தீர்ப்பதாகச் சொல்கிறார்கள். 'இங்கிலீஷ் மருந்தையெல்லாம் நிறுத்திவிடுங்கள்' என்கிறார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது, ஆறிவரும் மூளையை மறுபடி அடிப்பதற்குச் சமம்.

ஆகவே ஊசியை ஏற்பதா தள்ளுவதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ஸ்கேன் முடிந்து, அபாய கட்டம் கடந்து, நரம்பியல் மருத்துவரின் பார்வையில் இருப்பவர், தலைவலிக்கும் தூக்கத்துக்கும் துணையாக ஊசி குத்திக்கொள்ளலாம். ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறியும் ஊசியா, கபாலத்தில் அறுவை நடந்த இடத்தை விட்டு விலகிக் குத்துகிறாரா, மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா என்ற மூன்றையும் கவனித்துக்கொண்டால் போதும். ஆய்வாளர்கள் வேறு கேள்வி கேட்க வேண்டும்: ஊசி சேர்ந்ததால் நோயாளி சீக்கிரம் வேலைக்குத் திரும்பினாரா, வலி மாத்திரை குறைந்ததா? அரசாங்கத்துக்கும் இதில் பாடம் உண்டு. போலி ஊசிக்கே 44 சதவீதம் பேர் தேறுகிறார்கள் என்றால், அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்கும் ஒரு மனிதரை நம் புறநோயாளிப் பிரிவுகள் எவ்வளவு பஞ்சமாக்கி வைத்திருக்கின்றன என்று கணக்குப் பார்க்கலாம். பிசியோதெரபிஸ்ட்டும் ஆலோசகரும் மாவட்ட மருத்துவமனையில் அந்த நேரத்தைக் கொடுத்தால், ஊசியிடம் யாரும் அதிசயம் கேட்கப் போவதில்லை.