உலகப் பொதுமொழியும் எண்ணுப்பெயரும்

மாந்தர் யாவர்க்கும் பொதுவாயதொரு மொழியை ஆக்குதல் கூடும் என்னும் கருத்து ஐரோப்பாவிற் பன்முறை தோன்றியுள்ளது. அங்ஙனம் ஆக்கப்பட்ட மொழிகள் உண்மையிற் பொதுமை உடையனவோ என ஆராய்வார்க்கு எண்ணுப்பெயர்கள் தக்கதோர் உரைகல்லாகும். எண் எல்லா நாட்டார்க்கும் ஒன்றே. அதனைச் சொல்லும் முறையே வேறுபடும்.

ஜேர்மானியப் பாதிரியாராகிய ஷ்லையர் 1880ஆம் ஆண்டளவில் வெளியிட்ட வோலபூக் மொழியில் 'பால்' என்பது ஒன்று. 'தெல்' என்பது இரண்டு. இவற்றோடு பன்மை விகுதியாகிய 'ஸ்' சேர, 'பால்ஸ்' பத்தும் 'தெல்ஸ்' இருபதும் ஆயின. சுருக்கம் கருதிய இவ்விதி வழக்கிற் குறையுடைத்து. சந்தை இரைச்சலில் இறுதி ஒற்றுச் செவிப்படாதாயின் இருபது இரண்டாய்விடும். 1931இல் இம்மொழியைத் திருத்திய தெ யோங் என்பார் பத்துக்குத் தனிச்சொல் வகுத்தமை பொருத்தமேயாம்.

வார்சோ நகரிற் கண் மருத்துவராயிருந்த ஸாமென்ஹோவ் 1887இல் வெளியிட்ட எஸ்பெராந்தோவோ வேறு நெறி பற்றியது. அதன் பதினாறு விதிகளுள் நான்காவது எண்ணுப்பெயர்க்குரியது. 'து' இரண்டு, 'தெக்' பத்து. பேரெண் முன்னிற்பின் கூட்டல். சிற்றெண் முன்னிற்பின் பெருக்கல். ஆதலின் 'தெக் து' பன்னிரண்டு, 'துதெக்' இருபது. ஒன்று முதற் பத்து வரையுள்ள பெயர்களோடு நூறு, ஆயிரம் என்பவற்றின் பெயர்களும் சேர்ந்த பன்னிரண்டு சொற்களால் 9,99,999 வரை எண்ணலாம். 'க்வார்' என்னும் நான்கினின்று 'க்வாரா' நான்காவது, 'க்வாரோனோ' கால், 'க்வாரோப்லா' நான்மடங்கு எனப் பிற சொற்களும் விகுதியாற் பிறக்கும். எனினும் முன்னர்க் கூறிய சந்தைச் சோதனை இதற்கும் உரியது. ஆறு 'செஸ்', ஏழு 'செப்'; இறுதி ஒற்றொன்றே வேறுபாடு. ஆக்கியோன் விலக்கியிருக்கக்கூடிய குறை இது.

இனி, இவ்வெண்முறை யாருடையது? சொற்கள் ஐரோப்பாவினுடையன. அமைப்போ அன்று. பிரெஞ்சுக்காரர் எண்பதை 'நான்கு இருபது' என்பர். ஜேர்மானியர் இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்பர். இருபதை 'இரண்டு பத்து' எனவும் பன்னிரண்டைப் 'பத்து இரண்டு' எனவும் சொல்லுவோர் சீனரே. ஆகவே பிரெஞ்சுக்காரனுக்குச் சொல் பழையது, அமைப்புப் புதியது. சீனனுக்கு அமைப்புப் பழையது, சொல் புதியது. தமிழராகிய நமக்கும் இருபது, பன்னிரண்டு என்னும் அடைவு இயல்பானதே. ஆயினும் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்பன நம் மொழி பயில்வாரைத் தடுமாறச் செய்யும். எண்ணுப்பெயர்ப் புணர்ச்சிக்குத் தொல்காப்பியர் நூற்பாக்கள் பல வகுக்க நேர்ந்தது.

இவற்றாற் பெறப்படுவது யாதெனின், ஒழுங்கு எல்லார்க்கும் பொதுவாதல் கூடும். ஒலி அங்ஙனம் ஆகாது என்பதே. எண்ணுப்பெயரில் ஆசியர் சுமக்கவேண்டிய புதுச்சொற்கள் பன்னிரண்டே. ஒழுங்கினால் வரும் பயன் அதனினும் பெரிது. ஆனால் அகராதி முழுவதிலும் அச்சுமை பல்லாயிரஞ் சொல்லாய்ப் பெருகும். எண்ணில் வாய்த்த நடுவுநிலையை மொழி முழுவதற்கும் ஏற்றி உரைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று.